ஜி.எஸ்.டி. சாலையில் பிறந்த கார்

ஐம்பதுகளிலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை நம் நாட்டில் ஓடிய கார்கள் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வந்தவை. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் அம்பாசடர் செய்தார்கள். பம்பாய் குர்லாவில் பியட் செய்தார்கள். மூன்றாவது ஆலை எங்கள் பக்கம், சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பெருங்களத்தூர் வட்டாரத்தில் ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக இருந்தது. ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி என்று ஊரே சொல்லும். அம்பாசடரையும் பியட்டையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பற்றி எழுத ஆள் குறைவு. செங்கல்பட்டில் ராட்டினங்கிணறு பக்கம் ஒர்க் ஷாப்பில் வேலை கற்று, வாலிப வயதை அந்தக் காரோடு கழித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கம்பெனி 1948-ல் தொடங்கியது. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் நிறுவனமும் சென்னையின் யூனியன் கம்பெனியும் சேர்ந்து நடத்தினார்கள். முதலில் வான்கார்டு என்ற பெரிய கார் வந்தது. பிறகு ஸ்டாண்டர்ட் 10, 1959-ல் பென்னன்ட். அதற்கு முன்பே மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்திருந்தது. வெளிநாட்டிலிருந்து உறுப்புகளைக் கொண்டுவந்து இங்கே பூட்டி மட்டும் விற்கக் கூடாது, படிப்படியாக இங்கேயே செய்ய வேண்டும். 1953-ல் வந்த சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு, அதற்கு ஒப்பாத ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. ஸ்டாண்டர்ட் நின்றது. அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. பாடியும் அப்போது செங்கல்பட்டு மாவட்டம்தான். காருக்கு வேண்டிய மின்சாதனம், சக்கரம், பிரேக் எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் உருவாகத் தொடங்கிய காலம் அது.

1961-ல் ஹெரால்ட் வந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் ஜொவான்னி மிக்கெலோத்தி என்ற இத்தாலியர். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அதே கார் இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆயிற்று. தாய்நாட்டில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரையே 1963-ல் கைவிட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு அந்தப் பெயர் உயிரோடு இருந்தது எங்கள் ஜி.எஸ்.டி. சாலையில்தான்.

அந்தக் காரின் கட்டுமானத்துக்கு ஒரு காரணக் கதை உண்டு. அப்போதே உலகத்தில் புதிய கார்கள் பலவும் சேஸிஸ், பாடி என்று தனித்தனியாக இல்லாமல் ஒரே கூடாக வந்துகொண்டிருந்தன. ஆனால் ஸ்டாண்டர்டுக்குப் பாடி அடித்துக் கொடுத்துவந்த ஆலையை 1953-ல் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. முழுக் கூட்டை ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. அதனால் தனியாக ஒரு சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கும்படி வடிவமைத்தார்கள். அங்கே அது வேறு வழியில்லாமல் எடுத்த முடிவு. இங்கே அது வரமாக அமைந்தது. ஒரு பக்கம் அடிபட்டால் அந்தத் துண்டை மட்டும் கழற்றி டிங்கரிங் பார்த்து மாட்டலாம். கிராமத்துச் சாலையில் சேஸிஸ் தாங்கும். பெரிய கருவிகள் இல்லாத சின்ன ஒர்க் ஷாப்பிலும் காரை முழுசாகப் பிரித்துக் கோக்கலாம்.

மெக்கானிக்குகள் ஹெரால்டை நேசித்ததற்கு முதல் காரணம் அதன் பானெட். மற்ற கார்களில் மேல்தகடு மட்டும் திறக்கும். நெஞ்சு வலிக்கக் குனிந்து கைவிட்டுத் துழாவ வேண்டும். ஹெரால்டில் இரண்டு பக்கமும் உள்ள கொக்கியை விடுவித்து இழுத்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்த முகமும் முன்பக்கமாகச் சாயும். எஞ்சின், ஸ்டியரிங், முன்சக்கரத்து ஸ்பிரிங் அத்தனையும் கண்ணுக்கு முன்னால் நிற்கும். முன்டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக் கழற்றுவோம், பாயிண்ட் உரசுவோம், டேப்பெட் அட்ஜஸ்ட் செய்வோம். 948 சி.சி. எஞ்சின். எங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தவுடன் புரியும். நான் தொழில் கற்றதே அந்தத் திறந்த பானெட்டைப் பார்த்துத்தான்.

இரண்டாவது, அது திரும்பும் அழகு. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் அம்பாசடர் முன்னும் பின்னும் போய் மூன்று தடவையில் திரும்பும் இடத்தில் ஹெரால்ட் ஒரே வளைப்பில் திரும்பி நிற்கும். மருத்துவக் கல்லூரி டாக்டர்களும் கோர்ட்டுக்கு வரும் வக்கீல்களும் அந்தக் காரை விரும்பி வாங்கியதற்கு இது ஒரு காரணம் என்று அவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

குணம் மட்டும் சொன்னால் போதாது. அதன் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். குறுக்கே போட்ட ஒரே பட்டை ஸ்பிரிங்தான் இரண்டையும் தாங்கும். வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டாலோ பிரேக் மிதித்தாலோ பின்பக்கம் தூக்கிக்கொண்டு சக்கரம் உள்ளே மடங்கும், வண்டி சுற்றப் பார்க்கும். எங்கள் மேஸ்திரி முன்பு அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர். வண்டியை ஓட்டிப் பார்க்க அனுப்பும்போதெல்லாம், "தம்பி, வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சுக்க. உள்ள போயிட்டா பிரேக்கத் தொடாத" என்பார். அதேபோல முன்சக்கரம் திரும்புகிற இடத்தில் ட்ரன்னியன் என்று ஓர் உறுப்பு. அதற்குக் கிரீஸ் வைக்கக் கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் ஏற்ற வேண்டும். இதை அறியாதவர்கள் மற்ற நிப்பிள்களோடு சேர்த்து அதற்கும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். உள்ளே துரு பிடித்து, ஒருநாள் முன்சக்கரமே மடங்கி விழும். பழைய ஹெரால்ட் ஒன்று ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டதா என்று தெரிந்துகொள்ள நாங்கள் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

எனக்கென்று ஒரு கார் வாய்த்தது எழுபதுகளின் கடைசியில். இரண்டு கதவு மார்க் 2, வெளிர் நீலம். சொந்தக்காரர் ஊர் மாறிப் போகும்போது விற்றார். மேஸ்திரிதான் பேசி முடித்தார். எஞ்சினை இறக்கி ரிங் மாற்றி, அடியில் துருவெல்லாம் சுரண்டி, ஓட்டத் தயார் செய்தேன். சாமான் வாங்கச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போவேன், அங்கே கிடைக்காததைப் புதுப்பேட்டையில் தேடுவேன்.

அந்தக் காரில் நாங்கள் அடிக்கடி போனது மாமல்லபுரம். இன்று கார் ஓட்டுபவர்களுக்கு மாமல்லபுரம் என்றாலே கிழக்குக் கடற்கரைச் சாலைதான். அந்தச் சாலை அகலமாகித் தொடர்ச்சியாக அமைந்தது தொண்ணூறுகளின் கடைசியில். 2002-ல் சுங்கச்சாவடி வந்தது. அதற்கு முன்பு சென்னையிலிருந்து திருப்போரூர் வழியாக ஒரு சாலை. இல்லாவிட்டால் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். எங்கள் பாதை இதுதான், செங்கல்பட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர். ஏரிக்கரையை ஒட்டி வளைந்து போகும் சாலை, இரண்டு பக்கமும் புளியமரம். மேஸ்திரி சொன்ன வளைவுப் பாடத்தை நான் பயின்றது அங்கேதான்.

கிளம்பும் நேரத்தை உச்சிப்பொழுதுக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்வோம். திருக்கழுக்குன்றம் மலையில் பண்டாரம் வைக்கும் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட அந்தக் காலத்தில் இரண்டு கழுகுகள் அந்த நேரத்துக்கு வந்து இறங்கும். என் மனைவியும் பிள்ளைகளும் மலையேறிப் பார்த்துவிட்டு வருவார்கள். நான் கீழே காரை நிழலில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடுவேன். பிறகு மாமல்லபுரம். ஐந்து ரதம் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தலாம். வீடு திரும்பியதும் முதல் வேலை காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அலசுவது. உப்புக் காற்று ஹெரால்டின் எதிரி. சேஸிஸிலிருந்து பாடியைத் தாங்க நீண்டிருக்கும் இரும்புக் கைகள் முதலில் அரித்துப்போகும். கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த கார்களில் அதைத்தான் நாங்கள் அதிகம் வெல்டிங் செய்திருக்கிறோம்.

ஹெரால்ட் குடும்பக் கார் மட்டும் அல்ல. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. அந்தச் சோழவரமும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான். அங்கே ஹெரால்டுகள் சீறிப் பாய்ந்தன. ஆலையில் காரைச் செய்தவர்களும் அதை விரட்டி ஓட்டியவர்களும் ஒரே மாவட்டத்தில் இருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் பெருமை.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. பின்சீட்டில் ஏறி இறங்க இரண்டு கதவு போதவில்லை என்று நம் குடும்பங்கள் குறைப்பட்டுக்கொண்டபோது, அறுபதுகளின் கடைசியில் நான்கு கதவு மார்க் 3 செய்தது. இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்ட் விற்கப்பட்டதே இல்லை. அது இந்தியக் குடும்பத்துக்காக இங்கே செய்தது. 1972-ல் கெசல் வந்தது. ஆடும் பின்சக்கரங்களை விட்டுவிட்டு, நேரான ஒரே ஆக்சில் போட்டு அந்தப் பழைய குறையைத் தீர்த்தார்கள்.

ஆனால் காலம் எதிராகத் திரும்பியது. 1973-ல் உலகம் முழுவதும் பெட்ரோல் நெருக்கடி. கார் வாங்குவோர் குறைந்தார்கள். விற்பனை சிறியதாக இருந்ததால் புது எஞ்சினுக்கோ புது அச்சுக்கோ போட முதல் சேரவில்லை. 1977-ல் கெசல் நின்றது. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிய ஸ்டாண்டர்ட் 20 வேன் மட்டும் ஆலையை உயிரோடு வைத்திருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தது. இரண்டு வருடம் கழித்து, வண்டலூரில் உயிரியல் பூங்கா திறந்த அதே 1985-ல், கம்பெனி ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, பார்த்தவர் கண்ணைப் பறிக்கும் வடிவம். உள்ளே இருந்தது பழைய வான்கார்டின் வழிவந்த எஞ்சின். அவ்வளவு கனமான உடம்பை அதனால் துடிப்பாக இழுக்க முடியவில்லை, பெட்ரோலும் அதிகம் குடித்தது. 1988-ல் ஆலை மூடப்பட்டது.

தொழிலாளிகளின் கைத்திறன் குறைந்ததால் அது மூடவில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். அந்த ஆலையில் பழகிய கைகள் தாம்பரம் முதல் மதுராந்தகம் வரை எத்தனையோ ஒர்க் ஷாப்புகளுக்கு மேஸ்திரிகளைக் கொடுத்தன. என் தொழில் அவர்கள் போட்ட பிச்சை.

பிறகு அதே சாலையில் மறைமலை நகருக்கு ஃபோர்டு வந்தது, ஐம்பதுகளில் இந்தியாவை விட்டுப் போன அதே ஃபோர்டு. 1999-ல் அங்கே ஐகான் பிறந்தது. பின்னால் ஃபிகோ, எக்கோஸ்போர்ட். 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்தது. எனக்கு ஹெரால்ட் எப்படியோ அப்படித்தான் என் மகன் வயதுக்காரர்களுக்கு ஐகான். அதன் ஹார்ன் சத்தம் கேட்டால் இன்றும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

2019 நவம்பரில் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டம் ஆனது. இந்த மண்ணின் வரலாறு என்று பல்லவர் கல்லையும் டச்சுக் கோட்டையையும் காட்டுகிறோம். காட்ட வேண்டியதுதான். அதோடு, நாற்பது வருடம் இங்கே கார் செய்த தொழிலாளிகளும் வரலாறுதான். ஸ்டாண்டர்ட் ஆலை இருந்த நிலத்தில் இன்று அலுவலகங்களும் குடியிருப்புகளும் உயர்ந்து நிற்கின்றன. மாமல்லபுரத்துக்கோ வண்டலூர் பூங்காவுக்கோ வரும் லட்சக்கணக்கானோர் பார்க்கும்படி, ஒரே ஒரு ஹெரால்டையாவது பானெட்டைத் திறந்துவைத்து நிறுத்தி, இதைச் செய்தது இந்த மாவட்டம் என்று எழுதி வைக்க வேண்டும். மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் மனசு வைத்தால் அது பெரிய செலவே இல்லை.

வாசகர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஹெரால்டோ கெசலோ கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். வைத்து ஓட்ட ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். அந்த ஆலையில் வேலை பார்த்த பெரியவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அவர்களில் பலருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் பத்து வருடம் கழித்து, கேட்க நினைத்தாலும் சொல்ல அவர்கள் இருக்க மாட்டார்கள்.