ஏடு, தாள், திரை: அப்பாவுக்கு ஒரு கருவி தேடிய கதை

மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்தபோது அப்பாவின் புத்தகங்கள் மட்டும் பதினேழு அட்டைப்பெட்டி தேறின. அடையாறில் நாங்கள் போகவிருந்த வீட்டில் நாலு பெட்டிக்குத்தான் இடம். "மத்ததெல்லாம் யாருக்காவது குடுத்துடு. இப்ப என்னால எதையும் படிக்க முடியல" என்றார் அப்பா. சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். படிக்காமல் அவர் ஒரு நாள் இருந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. தெருமுனையில் வரும் பஸ்ஸின் எண் தெரிகிறது. பழைய பதிப்புகளின் அடிக்குறிப்பு எழுத்து தெரியவில்லை. ஒரு கையில் கனத்த புத்தகம், இன்னொரு கையில் பூதக்கண்ணாடி என்று கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு கை நடுங்க ஆரம்பித்தது.

என் வயதுக்காரர்கள் செய்வதையே நானும் செய்தேன். ஆறு அங்குல மின்மைத் திரை கொண்ட வாசிப்புக் கருவி ஒன்று வாங்கினேன். நான் அதில்தான் நாவல் படிக்கிறேன், கண் வலித்ததில்லை. அப்பா முதலில் கேட்டது சீவக சிந்தாமணி, உ.வே.சாமிநாதையர் பதிப்பு. ஸ்கேன் செய்த பிடிஎஃப் கிடைத்தது. ஏற்றிக் கொடுத்தேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "என்னடா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கருவியில் கோளாறு ஒன்றுமில்லை. 'எந்தத் திரை கண்ணுக்கு நல்லது?' என்று தேடியிருந்தேன். அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அப்பா படிக்கிற புத்தகம் எந்த வடிவத்தில் இருக்கிறது? அந்தக் கேள்வியோடு பின்னால் போனால் பனையோலையில் போய்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

*

ஓலைச்சுவடி மிகவும் கறாரான கருவி. அதன் அகலத்தைக் கவிஞரும் தீர்மானிக்கவில்லை, எழுதுபவரும் தீர்மானிக்கவில்லை, மரம் தீர்மானித்தது. எழுத்தாணியால் கீறிய எழுத்துக்கு நிறம் கிடையாது. விளக்குக் கரியை இலைச்சாற்றோடு குழைத்துத் தடவித் துடைத்தால் கீறலில் கருமை தங்கும், எழுத்து தெரியும். இன்று நாம் 'கான்ட்ராஸ்ட்' என்று விரலால் தள்ளுவதை அன்று வாசகரே கையால் செய்துகொண்டார்.

இடத்தை மிச்சம் பிடிக்க, செய்யுளை வரி பிரிக்காமல் தொடர்ச்சியாக எழுதிப் போனார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. எகர ஏகார வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். 'கா'வா, 'கர'வா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நெடிலுக்கு இரட்டைக் கொம்பு போடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரோடு வந்தது.

அப்படியானால் எப்படிப் படித்தார்கள்? யாப்பு கை கொடுத்தது. எதுகையும் மோனையும் வரும் இடத்தை வைத்து அடி எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று காது கண்டுபிடித்துவிடும். வரி உடைப்பு வாசகரின் காதில் இருந்தது. ஓலை மாறினால் வரி எங்கே மடங்குகிறது என்பதும் மாறும், பாட்டு மாறாது. இன்றைய மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கி ஓடுகின்றனவே, அதற்கு முன்னோடி அச்சுப் புத்தகத்தைவிட ஓலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சுவடிகளில் ஒரு பெரும் பகுதி இப்போது எங்கள் புது வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது. 1886இல் கர்னல் ஆல்காட் தொடங்கிய அடையாறு நூலகத்தில் சுமார் 20,000 ஓலைச்சுவடிகள். பெசன்ட் நகரில், 1943இல் ஏற்படுத்தப்பட்ட உ.வே.சா. நூல்நிலையத்தில் 2,000க்கும் மேல்.

*

அச்சு வந்ததும் முதல் சண்டை எழுத்தின் அளவோடுதான். தரங்கம்பாடி மிஷனுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை. காகிதமோ தட்டுப்பாடு. அந்த எழுத்தில் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டால் காகிதம் போதாது. பக்கத்திலிருந்த பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். சீகன்பால்க்கின் புதிய ஏற்பாடு 1715இல் முடிந்தது. தமிழில் எழுத்தின் அளவை முதலில் குறைத்தது காகிதத்தின் விலை. வாசகரின் கண்ணை யாரும் கேட்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் சந்தி பிரித்து, நிறுத்தக்குறி இட்டு அச்சிட்டார். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது அச்சுப் பக்கம் முழுமையாக வேறொரு பொருளாகிவிட்டது. மேலே மூலம், அதன் கீழே உரை, அடியில் சின்ன எழுத்தில் பாடபேதமும் ஒப்புமைப் பகுதியும். கடைசியில் அரும்பத அகராதி. அதில் ஒவ்வொரு சொல்லும் நம்மை ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத் திருப்பி அனுப்பும்.

அதாவது, இந்தப் பக்கம் அசையக் கூடாது. எந்தக் குறிப்பு எந்த அடிக்குக் கீழே நிற்கிறது என்பதிலேயே பொருள் இருக்கிறது. ஓலையில் ஓடிக்கொண்டிருந்த பிரதியைப் பதிப்பாசிரியர்கள் ஒரு தலைமுறை உழைத்துப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அப்பா படிக்கிற புத்தகங்கள் எல்லாம் இந்த நின்ற பக்கங்கள்.

*

1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், பிழை பார்த்தார்கள், இலவசமாகப் போட்டார்கள். தமிழ் 1991லேயே யூனிகோடில் இடம்பெற்றுவிட்டாலும் கணினிகள் அதைச் சரியாகக் காட்டப் பல வருஷம் ஆனது. ஆரம்பத்து மின்னூல்கள் டிஸ்கி போன்ற குறியேற்றங்களில் இருந்தன. பிறகு அவற்றை யூனிகோடுக்கு மாற்றினார்கள். செல்லரிக்கும் முன்னால் ஏட்டைப் புது ஓலையில் பெயர்த்து எழுதுவார்களே, அதே வேலைதான். பெயர்த்து எழுத ஆளில்லாத கோப்பு இன்று கட்டங்கட்டமாகத் தெரியும்.

இன்னொரு பக்கம், புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுக்கும் வேலை. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களை அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. அங்கே முதலில் மைக்ரோஃபிலிம், பின்னர் டிஜிட்டல். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய நூல்கள் பெரும்பாலும் படங்களாகவே கிடைக்கின்றன.

ஆக இன்று நம் கையில் இரண்டு வகை மின்னூல். ஒன்று ஓலையைப் போல ஓடுவது: மதுரைத் திட்டத்தின் பிரதிகள், கிண்டிலில் விற்கும் நாவல்கள். கிண்டில் 2007இல் அமெரிக்காவில் வந்தது, தமிழ் நூல்கள் அதன் இந்தியக் கடைக்கு முறையாக வந்தது 2016இல்தான். அதற்கு முன் கொம்பும் எழுத்தும் இடம் மாறித் தெரிந்த காலத்தில், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தார் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனியாகப் பிடிஎஃப் செய்து போட்டார்கள். இரண்டாவது வகை அச்சைப் போல நிற்பது: ஸ்கேன்.

*

இனி கணக்குப் போடலாம். நம் பதிப்பகங்கள் 'டெம்மி சைஸ்' என்று சொல்லும் புத்தகம் ஏறக்குறைய 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். ஆறு அங்குலத் திரை 9க்கு 12 செ.மீ. முழுப் பக்கத்தையும் அதில் அடக்கினால் எல்லாம் 57 சதவீதமாகச் சுருங்கும். 10 பாயிண்ட் எழுத்து 6 பாயிண்டுக்கும் கீழே போய்விடும். அப்பாவின் எறும்பு இதுதான். பெரிதாக்கி இழுத்து இழுத்துப் படிக்கலாம், ஆனால் அடிக்குறிப்பு கண்ணை விட்டுப் போய்விடும்.

10.1 அங்குல டேப்லெட்டில் 16:10 விகிதத் திரை என்றால் அகலம் 13.6, உயரம் 21.7 செ.மீ. டெம்மி பக்கம் கிட்டத்தட்ட அதே அளவில் உட்கார்ந்துகொள்கிறது. ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டால் அசலைவிடப் பெரிதாகவே தெரியும்.

திரையின் தன்மை அடுத்த கேள்வி. 1997இல் எம்ஐடி ஆய்வகத்திலிருந்து கிளம்பிய ஈ இங்க் நிறுவனத்தின் மின்மையில், கண்ணுக்குத் தெரியாத குமிழிகளுக்குள் கறுப்பும் வெள்ளையுமாக நுண்துகள்கள் மிதக்கின்றன. மின்சாரம் அவற்றை மேலேயும் கீழேயும் நகர்த்தும். பக்கம் மாறும்போது மட்டும் மின்சாரம் போதும். தாளைப் போல வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில் தெரிவதால் பால்கனி வெயிலிலும் படிக்கலாம். ஆனால் பக்கம் புரட்டுவது மெதுவாக இருக்கும், ஸ்கேனின் பழுப்புத் தாள் சாம்பலாகிவிடும். பத்து அங்குல மின்மைக் கருவியும் உண்டு. அதன் விலையைச் சொன்னதும் அப்பா பேச்சை மாற்றிவிட்டார்.

டேப்லெட் தானே ஒளி விடும் திரை. கண்ணைக் கெடுத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். திரையை உற்றுப் பார்க்கையில் நாம் கண் சிமிட்டுவது குறைகிறது. கண் வறண்டு எரிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அறை வெளிச்சத்துக்கு ஏற்ப ஒளியைக் குறைத்து, அவ்வப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

அதனால் என் முடிவு இது: புதிய நாவலும் கட்டுரையும் படிப்பவருக்கு ஆறு அங்குல மின்மை. பழைய பதிப்புகளைப் படிப்பவருக்குப் பத்து அங்குலத்துக்குக் குறையாத திரை. பாண்டி பஜார் பக்கம் ஒரு கடைக்கு அப்பாவையே கூட்டிக்கொண்டு போனேன், பென் டிரைவில் அவருடைய புத்தகத்தோடு. "கேமரா எத்தனை மெகாபிக்சல் தெரியுமா சார்?" என்று ஆரம்பித்த பையனிடம், "அதெல்லாம் வேணாம்பா, இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டு" என்றார். மூன்று டேப்லெட்டில் ஒரே பக்கத்தைத் திறந்து அடிக்குறிப்பை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். மூன்றாவதை வாங்கினோம்.

வீட்டுக்கு வந்து ஸ்டாண்டில் சாய்த்து வைத்துக் கொடுத்தேன். கையில் கனமில்லை, நடுக்கம் தடுக்கவில்லை. பழைய பதிப்பில் துதிக்கை வைத்த 'லை'யைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அவர் பள்ளியில் எழுதிய எழுத்து. அன்று இரவு சாப்பாட்டுக்கு இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

பதினேழு பெட்டியில் பதின்மூன்று போய்விட்டது. போகும் முன் ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லி, பைண்டு செய்த சிந்தாமணியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"அதான் டேப்லெட்ல இருக்கேப்பா" என்றேன்.

"இருக்கட்டும்டா. ஓரத்துல எங்கப்பா பென்சில்ல எழுதினது அதுல இல்லையே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்தை நானே ஸ்கேன் செய்ய உட்கார்ந்தேன்.