பெயர் எழுதிய ஏடு

"மறைப்பதற்கு நம்மிடம் ஒன்றுமில்லையே! பிறகு அந்தரங்கத்தைக் காப்பது எதற்கு?" என்று நம்முள் பலர் கேட்கிறோம். வரலாறு இக்கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறது.

நெதர்லாந்து நாட்டு நகராட்சிகள் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பதிவேடு வைத்திருந்தன. பெயர், முகவரி ஆகியவற்றோடு சமயமும் அதில் குறிக்கப்பட்டது. குறித்தவர்கள் தீயோர் அல்லர். நிர்வாகம் செம்மையுற வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். 1940 மே மாதம் நாத்சிப் படை நாட்டைக் கைப்பற்றியது. பாட்டன் பாட்டியருள் ஒருவரேனும் யூதராயின் பதிவு செய்துகொள்ள வேண்டும் என 1941 ஜனவரியில் ஆணை பிறந்தது. நன்மைக்கென எழுதிய ஏடு வேட்டைக்காரர் கைக்கு மாறியது.

அந்நாட்டின் எக்ட் நகர்க் கார்மேல் மடத்தில் எடித் ஸ்டைன் துறவியாக வாழ்ந்துவந்தார். யூதக் குடும்பத்தில் பிறந்த அவர் 1922இல் திருமுழுக்குப் பெற்றவர். யூதர்கள் நாடுகடத்தப்படுவதைக் கண்டித்த ஆயர்களின் சுற்றுமடல் 1942 ஜூலை 26 அன்று கோவில்களில் வாசிக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்க, ஆகஸ்ட் 2 அன்று கத்தோலிக்க யூதர்கள் கைது செய்யப்பட்டனர். யார் எவ்வழி வந்தவர் என்பது முன்னரே எழுத்தில் இருந்தது. ஒரு வாரத்திற்குள் எடித் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். 1998இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

ஏட்டின் ஆபத்தை உணர்ந்தோரும் அந்நாட்டில் இருந்தனர். 1943 மார்ச் 27 இரவு, காவலர் உடையில் சென்ற விடுதலை வீரர்கள் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்திற்குத் தீயிட்டனர். எரிந்தது ஒரு பகுதியே. அதற்காகப் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்நாட்டு யூதர் ஏறத்தாழ 1,40,000 பேருள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் அழிந்தனர். காரணங்கள் பல; செம்மையான பதிவேடும் அவற்றுள் ஒன்று என்பர் வரலாற்றாசிரியர்.

அந்தரங்கம் மனித மாண்பைச் சார்ந்த உரிமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் உரைத்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 220ஆம் எண் அதனையே சட்டமாக்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில் ஜெர்மானிய அரசமைப்பு நீதிமன்றமும், 2017இல் நம் உச்ச நீதிமன்றமும் இவ்வுரிமையை நிலைநாட்டின.

அன்று அட்டையில் இருந்தது இன்று கணிப்பொறியில் இருக்கிறது. நாம் வாங்குவதும், தேடுவதும், செல்லும் இடமும் பதிவாகின்றன. இப்பதிவுகள் எங்கே செல்கின்றன என்பதைச் சட்டம் மட்டும் கண்டறிய இயலாது, ஆய்வு வேண்டும். தகவலைத் திரட்டும் வணிகரே ஆய்வுக்கும் பொருள் கொடுத்தால், அவ்வாய்வு யாருக்காகப் பேசும்? கனடா நாட்டின் அந்தரங்கப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் 2004 முதல் தன்னுரிமையுள்ள ஆய்வாளர்களுக்குப் பொது நிதி வழங்கி வருவது இதனாலேயே பாராட்டத்தக்கது.

நம் பங்குகளிலும் குடும்ப ஏடுகள் உண்டு. ஒப்புரவு அருளடையாளத்தின் இரகசியத்தை உயிரினும் மேலாகப் போற்றும் நாம், நம்மை நம்பி மக்கள் தந்த விவரங்களை எவ்வாறு காக்கிறோம்? தேவைக்கு மேல் எழுதாதிருப்பதும் அயலார் மீது காட்டும் அன்பே. நல்லவர் கையில் இருக்கும் ஏடு என்றும் நல்லவர் கையிலேயே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.