வைத்தியசாலைக்கு ஆள் தேடிய அரசாங்கம்



2025 ஜூலை 22ஆம் திகதி பிரித்தானிய அரசாங்கம், வயோதிபர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியது. அந்த வாரம் நிலையத்துக்கு வந்த அழைப்புகளில் பாதி இதைப் பற்றித்தான். வவுனியாவில் இருக்கும் தங்கையின் மகளை இந்த விசாவில் எடுப்பதற்கு ஊர்க் காணியை ஈடு வைத்த ஒரு நேயரும் பேசினார். அவருக்குப் பின் வந்த ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, வா வா எண்டு கூப்பிட்டதும் இவைதானே, இப்ப கதவைப் பூட்டுறதும் இவைதானே. இவைக்கு ஆள் வேணுமோ, வேண்டாமோ?"

இரண்டு பாட்டுகளுக்கு இடையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. அதன் பின்னால் ஏறக்குறைய எண்பது வருட வரலாறு இருக்கிறது. நான் வரலாற்றாசிரியன் அல்லன். லண்டன் வைத்தியசாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் போர்ட்டராக நோயாளர்களின் கட்டிலைத் தள்ளியவன். ஆனால் கட்டில் தள்ளுகிறவனுக்கு எல்லா வார்ட்டுக்கும் போக வேண்டி வரும். எந்த வார்ட்டில் யார் நிற்கிறார்கள், யார் நிற்கவில்லை என்பது கண்ணில் படும். ஏன் அப்படி என்று தேடி வாசித்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1948 ஜூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவை, அதாவது என்.எச்.எஸ்., ஆரம்பமானது. எவருக்கும் இலவச வைத்தியம் என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் வார்ட்டில் நிற்கத் தாதியர் இல்லை. இது எதிர்பாராமல் வந்த தட்டுப்பாடும் அல்ல. அதற்கு முதல் வருடமே, 1947இல், சேர் ரொபேட் வூட் தலைமையில் அரசாங்கம் அமைத்த குழு அறிக்கை கொடுத்திருந்தது. தாதிப் பயிற்சிக்குச் சேரும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முடிக்காமலே விட்டுப் போகிறார்கள் என்று அந்தக் குழு கண்டது. காரணங்களும் தெளிவாக இருந்தன. பயிற்சி பெறும் பிள்ளையை மாணவியாக நடத்தாமல் மலிவான வேலைக்காரியாக நடத்தினார்கள். விடுதியில் மேற்றனின் கட்டுப்பாடு. இரவு எத்தனை மணிக்கு உள்ளே வரவேண்டும் என்பதற்குக் கூட ஒரு சட்டம். சம்பளமோ சொற்பம். இவற்றை மாற்றுங்கள், பிள்ளைகள் நிற்பார்கள் என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம்.

மாற்றுவதற்குப் பணம் வேண்டும், காலமும் வேண்டும். வெளியிலிருந்து ஆள் கொண்டுவர அவ்வளவு வேண்டியதில்லை. அயர்லாந்திலிருந்து ஏற்கெனவே பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். 1949இல் சுகாதார அமைச்சும் தொழில் அமைச்சும் குடியேற்ற நாடுகள் அலுவலகமும் கூடிப் பேசி, கரீபியன் தீவுகளில் ஆள் தேடத் தொடங்கின. அங்கங்கே தெரிவுக் குழுக்கள் அமைந்தன. 1950களில் பார்படோஸ் அரசாங்கம் தன் பிள்ளைகளுக்குக் கப்பல் காசைக் கடனாகக் கொடுத்து அனுப்பியது. இங்கே உழைத்து அந்தக் கடனைக் கட்டினார்கள். ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்த எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வந்த பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது இரண்டு எழுத்துத் தொடர்களில் ஒளிந்திருக்கிறது. அந்த நாளில் தாதியரில் இரண்டு வகை. மூன்று வருடம் படித்தால் எஸ்.ஆர்.என்.; இவர்தான் முழுத் தாதி. சிஸ்டராகலாம், மேற்றனாகலாம், வேறு நாட்டுக்குப் போனாலும் அந்தத் தகுதி செல்லும். இரண்டு வருடம் படித்தால் எஸ்.இ.என். 1943ஆம் ஆண்டுச் சட்டத்தில் உதவித் தாதி என்ற பெயரில் தொடங்கிய இந்த வகைக்கு 1961இல்தான் எஸ்.இ.என். என்ற புதுப் பெயர் வந்தது. வேலை ஏறக்குறைய ஒன்றுதான். மேலே போகும் ஏணி மட்டும் இல்லை. கரீபியன் தீவுகளிலிருந்து வந்த பெண்களில் மிகப் பலரை, மூன்று வருடப் படிப்புக்கான தகுதி இருந்தும், இந்த இரண்டாம் வகைக்கே அனுப்பினார்கள். வித்தியாசம் என்னவென்று பலருக்கு யாரும் சொல்லவில்லை. படித்து முடித்து ஊருக்குத் திரும்ப நினைத்தபோதுதான், அந்தப் பத்திரம் தங்கள் நாட்டில் செல்லாது என்று தெரிந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இரவு வேலையில் ஒரு ஜமெய்க்கா நாட்டு அம்மா இருந்தார். ஓய்வு பெறும் வயது. புதிதாக வரும் இளம் டொக்டர்மாருக்கு ஊசி போடப் பழக்குவதே அவர்தான். ஒரு நாள் விடியப்புறம் தேநீர் குடிக்கும்போது, "நான் முப்பத்தைந்து வருடமாக இரண்டாவது ஆள்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

வைத்தியர்களின் கதை வேறு மாதிரித் தொடங்கியது, ஆனால் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான். 1955இல் ஹென்றி வில்லிங்க் என்பவர் தலைமையில் ஒரு குழு. எதிர்காலத்தில் நாட்டுக்கு எத்தனை டொக்டர்மார் வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது அதன் வேலை. 1957இல் வந்த விடை: டொக்டர்மார் கூடிப்போவார்கள், மருத்துவக் கல்லூரிகளில் சேர்க்கும் தொகையைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம். சனத்தொகை கூடியது, வைத்தியசாலைகள் வளர்ந்தன, இங்கே படித்த டொக்டர்மார் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனார்கள். கணக்கு தலைகீழாகிவிட்டது. ஒரு டொக்டரை உருவாக்கப் பத்து வருடத்துக்கு மேல் செல்லும். அந்த இடைவெளியை இந்தியாவும் பாகிஸ்தானும் இலங்கையும் நிரப்பின. 1962இல் வந்த கொமன்வெல்த் குடிவரவுச் சட்டம் சாதாரண தொழிலாளருக்குக் கதவை ஒடுக்கியபோதும், டொக்டருக்கும் தாதிக்கும் தனி வவுச்சர் வைத்திருந்தது. 1971 அளவில் இங்கிலாந்தின் என்.எச்.எஸ். டொக்டர்மாரில் 31 வீதமானோர் வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டில் படித்தவர்கள்.

அந்தச் சட்டம் வந்த நேரத்தில் சுகாதார அமைச்சராக இருந்தவர் இனொக் பவல். ஆம், அதே பவல்தான். இவரே நேரில் போய் இந்திய டொக்டர்மாரைக் கூட்டி வந்தார் என்று சிலர் சொல்வது மிகை. ஆனால் அவர் அமைச்சராக இருந்த 1960 முதல் 1963 வரையான காலத்தில் வைத்தியசாலைகள் அவர்களை வைத்துத்தான் ஓடின. 1968 ஏப்ரலில் பேர்மிங்ஹாமில் குடியேறிகளுக்கு எதிராக அவர் பேசிய பேச்சிலே ஒரு சின்ன இடம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. கொமன்வெல்த் டொக்டர்மாரை அவர் குடியேறிகள் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் வந்து போகிறவர்களாம். வேலை செய்யலாம், வேரூன்றக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக வேறு யார் சொன்னார்கள்?

அப்படி வந்தவர்கள் எங்கே வேலை செய்தார்கள்? வெள்ளைக்கார டொக்டர்மார் போட்டியிட்டது இருதய சத்திர சிகிச்சைக்கும், பெயர் பெற்ற லண்டன் வைத்தியசாலைகளுக்கும். முதியோர் மருத்துவம், மனநோய் வைத்தியசாலைகள், வேல்ஸ் நாட்டின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகள், வட இங்கிலாந்தின் ஆலை நகரங்கள் இவைதான் எங்களவர் பங்கு. மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட முதியோர் மருத்துவத்தை ஒரு மதிப்பான துறையாக வளர்த்ததில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்றைக்கு எங்கள் அப்பா அம்மாமாரைப் பார்ப்பதும் அந்தத் துறைதான்.

இனி ஊர்ப் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்ப்போம், ஏனெனில் ஓர் அரசாங்கம் கூப்பிடும்போது இன்னோர் அரசாங்கம் இழக்கிறது. இலவசமாகப் படித்துவிட்டு ஓடிப்போகிறார்களே என்ற ஆத்திரம் கொழும்பில் இருந்தது. 1961இல் கட்டாய அரச சேவைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, பட்டதாரிகள் சில காலம் அரசாங்கத்துக்கு வேலை செய்தே ஆக வேண்டும் என்றார்கள். நியாயம் இல்லாத சட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே அரசு 1956இல் சிங்களம் மட்டும் என்று சொல்லித் தமிழ் உத்தியோகத்தரின் காலுக்குக் கீழே இருந்த மண்ணை எடுத்திருந்தது. 1971இல் மருத்துவப் படிப்புக்குத் தமிழ் மாணவர் 250 புள்ளி எடுக்க வேண்டும், சிங்கள மாணவருக்கு 229 போதும் என்றது. ஒரு கையால் மறித்துக்கொண்டு மறு கையால் தள்ளினால் யார் நிற்பார்?

இந்த இடத்தில் மானிப்பாய் டொக்டர் கிறீனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்க மிசன் டொக்டரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பிள்ளைகளுக்கு முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் கூடுதல் சம்பளத்துக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் வெளியூர் போய்விடுவார்கள், கிராமத்தில் நிற்க மாட்டார்கள் என்று கண்டார். ஆகவே மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, தமிழிலேயே படிப்பித்தார். அறுபதுக்கு மேற்பட்டவர்களை உருவாக்கினார். ஆளை மறிப்பதற்குச் சட்டம் போடாமல் படிப்பின் அமைப்பையே மாற்றியவர் அவர். எங்கள் தமிழ்ப் பற்றுக்காக அவரைக் கொண்டாடுகிறோம். அவர் தீர்க்க முயன்றது இன்றைய சுகாதார அமைச்சர்களின் பிரச்சினையைத்தான்.

பிரித்தானியாவுக்குத் திரும்புவோம். 1975இல் இந்திய மருத்துவப் பட்டங்களுக்கு இருந்த தன்னியக்க அங்கீகாரம் போனது; பரீட்சை வந்தது. தரம் பார்ப்பது தவறல்ல. 1983க்குப் பிறகு நாங்கள் வந்தபோது நிலைமை அதுதான். எங்களோடு வந்தவர்களில் டொக்டர், தாதி, மருந்தாளர், அப்போதிக்கரி எல்லோரும் இருந்தார்கள். ஆள் தட்டுப்பாடு என்று அழுத அதே நாட்டில் அவர்கள் பெற்றோல் செட்டில் ரில்லில் நின்றார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், வன்னியில் ஆயிரக்கணக்கான பிரசவம் பார்த்தவர், ஒன்பது வருடம் இரவுக் கடையில் நின்று, பரீட்சைக் காசு சேர்த்து, கடைசியில் எழுதாமலே விட்டார். அவரிடம் நான் ஏன் என்று கேட்டதில்லை.

2000ஆம் ஆண்டு டொனி பிளேயர் அரசாங்கம் பெரிய திட்டம் ஒன்றை வெளியிட்டது: 2004க்குள் 20,000 தாதியர், 7,500 விசேட வைத்தியர், 2,000 குடும்ப வைத்தியர் கூடுதலாக வேண்டும். பிலிப்பைன்ஸ், இந்தியா, ஸ்பெயின் எல்லா இடமும் ஆள் தேடினார்கள். ஏழை நாடுகளைச் சுரண்டாதிருக்க 2001இல் ஒழுக்கக் கோவையும் எழுதினார்கள். அகதி வைத்தியர்களுக்கென்று கொஞ்சப் பணமும் ஒதுக்கினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2002 ஜூலையில், ஆறு மாதம் காத்திருந்தால் வேலை செய்ய அனுமதி கேட்கலாம் என்று அகதி விண்ணப்பதாரருக்கு இருந்த சலுகையை எடுத்துவிட்டார்கள். 2006இல் வெளிநாட்டு டொக்டர்மார் அனுமதிப் பத்திரம் இல்லாமல் பயிற்சி பெறும் முறையையும் நிறுத்தினார்கள்; பரீட்சை எழுதிக் கடன் பட்டு வந்திருந்த ஆயிரக்கணக்கான இந்திய டொக்டர்மார் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்கள் சங்கம் வழக்குப் போட்டது. அவர்களைப் பின்தள்ளச் சொல்லி சுகாதார அமைச்சு வெளியிட்ட அறிவுறுத்தல் சட்டத்துக்கு முரணானது என்று 2008 ஏப்ரலில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதற்குள் பலர் போய்விட்டார்கள்.

கொரோனா காலத்தை நீங்களே பார்த்தீர்கள். வியாழக்கிழமைகளில் கைதட்டினோம். வெளிநாட்டுத் தாதி தான் வேலை செய்யும் சேவைக்கே வருடம் 400 பவுண் கட்ட வேண்டியிருந்ததும் அதே நேரத்தில்தான். எதிர்ப்பு எழுந்தபின் 2020 மே மாதம் அது விலக்கப்பட்டது. 2022 பெப்ரவரியில் பராமரிப்பு வேலைக்கு விசாக் கதவு திறந்தது. 2024 மார்ச் 11இல் குடும்பத்தைக் கூட்டிவரத் தடை. 2025 ஜூலையில் பூட்டு. ஏற்கெனவே நாட்டுக்குள் இருப்போர் இந்த வேலைக்கு மாற 2028 ஜூலை வரை இடம் உண்டு என்று அப்போது அறிவித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் வந்தவர்களில் பலர் ஒரே முதலாளியின் கையில் அகப்பட்டார்கள். முதலாளியின் உரிமம் பறிபோனால் இன்னொருவரைத் தேட 60 நாள்.

அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான்: ஆள் வேணும், அம்மா. எப்பவும் வேணும். நிற்க வைப்பதற்கான செலவைத்தான் இவர்கள் 1947இலிருந்து தள்ளிப் போடுகிறார்கள். 2017இல் தாதி மாணவருக்கு இருந்த உதவித்தொகையை எடுத்துவிட்டு, மூன்று வருடம் கழித்து வேறொன்றைக் கொடுத்தார்கள். 2023இல் வந்த நீண்டகாலத் திட்டம், 2031க்குள் மருத்துவ இடங்களை 15,000ஆக இரட்டிப்பாக்குவோம், வெளிநாட்டிலிருந்து எடுப்பதைக் கால்வாசியிலிருந்து பத்து வீதமளவுக்குக் குறைப்போம் என்றது. செய்தால் நல்லது. 2024 ஏப்ரலில் அகதி விண்ணப்பதாரர் ஒரு வருடக் காத்திருப்பின் பின் செய்யக்கூடிய வேலைகளின் பட்டியல் மாறியபோது, அதில் பராமரிப்பு வேலை இருந்தது. டொக்டரும் தாதியும் இல்லை.

1960களிலும் 70களிலும் இங்கே வந்து வேலை செய்த எங்கள் தாதியர், டொக்டர்மாரில் இன்று எஞ்சியிருப்போர் முதியவர்களாகிவிட்டார்கள். உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால் நிலையத்துக்கு அறிவியுங்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு நாங்களே வீட்டுக்கு வருவோம். எஸ்.இ.என். பத்திரம், வவுச்சர், பழைய சம்பளத் துண்டு ஏதாவது இருந்தால் எறியாமல் எடுத்து வையுங்கள்.