நியூயார்க் டால்ஸ்: 116-வது இடத்தைத் தாண்டாத ஆல்பம் இன்றும் பேசப்படுவது ஏன்?

1973 ஜூலையில் அமெரிக்காவின் மெர்குரி நிறுவனம் ஒரு ராக் ஆல்பத்தை வெளியிட்டது. அட்டையில் ஐந்து ஆண்கள், முகத்தில் மேக்கப், உதட்டில் லிப்ஸ்டிக், காலில் ஹை ஹீல்ஸ் என்று சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். குழுவின் பெயரான 'நியூயார்க் டால்ஸ்' என்பதே ஆல்பத்தின் பெயரும்.

யார் இவர்கள்?

பாடகர் டேவிட் ஜோஹான்சன், கிட்டார் கலைஞர்கள் ஜானி தண்டர்ஸ், சில்வைன் சில்வைன், பேஸ் வாசித்த ஆர்தர் கேன், டிரம்மர் ஜெர்ரி நோலன். முதல் டிரம்மர் பில்லி முர்சியா 1972-ல் லண்டனில் இறந்தபோது குழுவுக்கு ஆல்பம் ஒப்பந்தமே கிடைத்திருக்கவில்லை.

அப்படி என்ன இருக்கு இந்த ஆல்பத்தில்?

அன்றைய ராக் இசையில் நீளமான கிட்டார் தனி ஆவர்த்தனங்களுக்குப் பெரிய மதிப்பு. இவர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மொத்தம் 11 பாடல்கள், எல்லாம் வேகம், கூச்சல், கிண்டல். 'லுக்கிங் ஃபார் எ கிஸ்' பாடல், 60-களின் பெண்கள் குழுவான ஷாங்ரி-லாஸ் பாட்டின் வசனத்தோடு தொடங்குகிறது. 'பில்ஸ்' போ டிட்லியின் பழைய பாட்டு. தெரிந்த சரக்குதான், ஆனால் முரட்டுத்தனமாகப் பரிமாறினார்கள். தயாரிப்பாளர் டாட் ரன்ட்கிரென்.

சரி, ஏன் விற்கவில்லை?

பெண் வேடத்தில் இருந்த ஆண்களை எந்தக் கூட்டத்திடம் கொண்டுபோய் விற்பது? நிறுவனத்திடம் இதற்குப் பதில் இல்லை. பில்போர்டு பட்டியலில் ஆல்பம் 116-வது இடத்தோடு நின்றது. 'க்ரீம்' இதழின் வாசகர் வாக்கெடுப்பில் 'சிறந்த புதிய குழு', 'மோசமான புதிய குழு' என இரண்டு பட்டமும் இவர்களுக்கே! 1974-ல் வந்த இரண்டாவது ஆல்பமும் கைகொடுக்கவில்லை. மெர்குரி கைகழுவியது.

பிறகு என்ன ஆனது?

லண்டனில் துணிக்கடை நடத்திய மால்கம் மெக்லாரன் 1975-ல் சிறிது காலம் குழுவைக் கவனித்துக்கொண்டார். அதுவும் எடுபடவில்லை. ஊர் திரும்பியவர் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவின் மேலாளர் ஆனார். பிரிட்டனில் பங்க் வெடித்தது. டால்ஸ் ரசிகர் மன்றத்தை அங்கே நடத்திய மோரிஸ்ஸி, பின்னாளில் 'தி ஸ்மித்ஸ்' பாடகர் ஆனார்.

பெயரும் பணமும் அடுத்தவர்களுக்குப் போனது. தண்டர்ஸ் 1991-லும் நோலன் 1992-லும் இறந்தார்கள். மோரிஸ்ஸி முயற்சியில் 2004-ல் லண்டனில் மற்ற மூவரும் மீண்டும் மேடையேறினார்கள். சில வாரங்களில் கேன் இறந்தார். 2021-ல் சில்வைன் போனார். கடைசியாக மிஞ்சிய ஜோஹான்சன் 2025 பிப்ரவரியில் காலமானார். அட்டைப்படத்தில் இருந்த ஐவரில் இப்போது யாரும் இல்லை.