வர்த்தமானி தீர்மானித்த விலை: பழைய பிக்கப் வாகனங்களின் கதை

வாகனம் பழையதாக ஆக அதன் விலை இறங்க வேண்டும் என்பதே உலக வழக்கம். இலங்கையில் அந்த வழக்கம் பல தடவைகள் தலைகீழாகியிருக்கிறது. இங்கு ஒரு பழைய பிக்கப்பின் பெறுமதியை அதன் வயதோ, ஓடிய மைல்களோ மட்டும் தீர்மானிப்பதில்லை. கொழும்பில் அச்சாகும் வர்த்தமானி அறிவித்தல் அதைவிட அதிகமாகத் தீர்மானிக்கிறது. பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில் வாகன விற்பனைச் சிறுவிளம்பரங்களை நான் தவறாமல் வாசிப்பதுண்டு. நாட்டின் பொருளாதார நிலைமையை வரவு செலவுத் திட்ட உரைகளைவிட அவை தெளிவாகச் சொல்லும் என்பது எனது எண்ணம்.

சுதந்திரத்தை அண்டிய காலத்தில் இந்நாட்டு வீதிகளை ஆண்டவை பிரித்தானிய வாகனங்களே. 1947இல் அறிமுகமான ஒஸ்ரின் ஏ-40, 1948இல் வந்த மொறிஸ் மைனர் ஆகிய இரண்டும் யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பெயர்களாகிவிட்டன. இவற்றின் கார் வடிவத்தைப் போலவே பிக்கப் வடிவமும் முக்கியமானது. ஏ-40 பிக்கப் 10 அந்தர், அதாவது அரைத் தொன் சுமக்கக் கூடியது. மொறிஸ் மைனர் பிக்கப் 1953 முதல் தயாரிக்கப்பட்டது. மைனர் காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது, பிக்கப்புக்கு உண்டு. பாரம் ஏற்றித் திரிந்த பிக்கப்புகள் நீண்ட காலம் தாக்குப்பிடித்தமைக்கு இந்த அடிச்சட்டமும் ஒரு காரணம்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதியது வராதபோது பழையது பொன்னாயிற்று. வாங்குபவர்கள் முதலில் பார்த்தது இலக்கத்தகட்டை. இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பழைய பதிவு. சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இருந்தால் 1957க்குப் பிந்திய பதிவு. அதே ‘ஸ்ரீ’ எழுத்துக்கு எதிராகவே தமிழர் தார் பூசிப் போராடினர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அரசியலில் புண்ணாக இருந்த எழுத்து, வாகனச் சந்தையில் விலையைக் கணிக்கும் அடையாளமாயிற்று.

இலக்கத்தகட்டுக்கு அடுத்ததாகப் பார்க்க வேண்டியவை வாகனத்தின் நோய்கள். மொறிஸ் மைனரின் முன்சில்லுகளைத் தாங்கும் மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் பூசாவிட்டால், அது தேய்ந்து சில்லே மடிந்து விழுந்துவிடும். பிறேக்கின் பிரதான சிலிண்டர் சாரதியின் காலடியில் அடிச்சட்டத்துக்குள் பொருத்தப்பட்டிருந்ததால், அதைக் கழற்றிப் பார்ப்பது பெரும்பாடு. ஆரம்பகால ஏ-40இல் முன் பிறேக் எண்ணெய் அழுத்தத்திலும் பின் பிறேக் கம்பி இழுவையிலும் இயங்கின. இரண்டையும் சமமாக வைத்திருப்பது மெக்கானிக்கின் கைத்திறன். கடற்காற்றுப் படும் ஊர்களில் துருவும் சேர்ந்துகொண்டது. இத்தனை பழுதுகள் இருந்தும் இந்த வாகனங்களுக்குக் கேள்வி குறையவில்லை. வேறு வாகனம் கிடைக்கவில்லை என்பதே காரணம்.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. ஜப்பானிலிருந்து வாகனங்கள் வரத் தொடங்கின. டற்சன் 1200, ரொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகள் அறிமுகமானதும் ஒஸ்ரினும் மொறிஸும் மதிப்பிழந்தன. அத்துடன் அவற்றின் காலம் முடிந்திருக்க வேண்டும். குடாநாட்டில் அது முடியவில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் வந்தது. பெற்றோலும் டீசலும் தடுக்கப்பட்டன. மண்ணெண்ணெய் கட்டுப்பாட்டுடன் வந்தது. பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தை அப்போது பரவியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் இலகுவில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். முன்னர் உழவு இயந்திரங்களில் கையாளப்பட்ட அதே முறைதான்.

இங்கேதான் பழைய எஞ்சினின் பெருமை தெரிந்தது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு மிகக் குறைவு. அழுத்த விகிதம் கூடிய எஞ்சினில் அது உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து, ‘டொக் டொக்’ என்று தட்டும். டற்சன் 1200இன் அழுத்த விகிதம் 9:1. ஏ-40இன் விகிதம் 7.2:1 மட்டுமே. தரங்குறைந்த எரிபொருளுக்கென்று அமைந்த அந்தக் கிழட்டு எஞ்சின், புதிய ஜப்பானிய எஞ்சினைவிட மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டது. ஒதுக்கி வைத்த வாகனம் ஓட்டத்துக்குரிய வாகனமாயிற்று.

அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் எண்ணெயில் கலந்துவிடும். எண்ணெய் நீர்த்துப்போகத் தாங்கிகள் தேயும். வால்வுகளில் கரி படியும், பிளக் அடைபடும். அத்தகைய வாகனத்தை வாங்குபவர் எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பது நல்லது. பழைய எஞ்சினில் எண்ணெய் குறைவதே இயல்பு. அளவு கூடியிருந்து மண்ணெண்ணெய் மணமும் வீசினால் எஞ்சின் நோயாளி என்பது உறுதி. உதிரிப்பாகங்களும் வராத நிலையில் தேய்ந்ததைக் கடைந்தும் ஒட்டியும் ஓடவைத்தவர்கள் எங்கள் கராஜ் தொழிலாளர்கள். போர் பற்றி நாங்கள் எழுதிய செய்திகளில் அவர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தது. மழையில், நாவற்குழிப் பாலத்தினூடாக, இலட்சக்கணக்கானோர் நகர்ந்தனர். ஓடக்கூடிய வாகனம் வைத்திருந்த குடும்பத்தால் முதியவரையும் நோயாளியையும் ஏற்றிச் செல்ல முடிந்தது. மற்றவர்கள் சைக்கிளில் இருத்தியும் தோளில் சுமந்தும் சென்றனர். அன்றிரவு அரைத் தொன் பிக்கப் ஒன்றின் பெறுமதியை எந்தச் சிறுவிளம்பரமும் கணித்திருக்க முடியாது.

2002இல் ஏ-9 பாதை திறந்தது. தெற்கிலிருந்து வந்தவர்கள் யாழ்ப்பாண வீதிகளில் ஓடிய ஒஸ்ரின்களை வியந்து பார்த்தனர். பழமையில் எங்களுக்கிருந்த காதல் என்று சிலர் எழுதினர். அது காதல் அல்ல, கட்டாயம்.

தெற்கும் அந்தக் கட்டாயத்தின் ஒரு பகுதியைப் பின்னர் அறிந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பாவித்த வாகனங்களின் விலை நாடெங்கும் ஏறியது. 2022இல் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கும் வரை, மரக்கறி ஏற்றும் சிறு வியாபாரி தனது பழைய ‘பட்டா’வையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது.

1960களிலும் 1990களிலும் 2020களிலும் காரணங்கள் வேறு. சுமையைச் சுமந்தவர்கள் ஒரே வகையினர். பாரம் ஏற்றிப் பிழைக்கும் சிறு மனிதருக்கு வாகனம் ஆடம்பரம் அல்ல, தொழில். தடை உத்தரவு எழுதுபவர்கள் ஒப்பமிடும் முன்னர், ஒரு கராஜுக்குள் சென்று, அங்கு கழற்றிப் போட்டிருக்கும் எஞ்சினைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.