தேரில் ஏறி அமர்ந்த ஆசிரியர்

எருசலேமிலிருந்து காசாவுக்குச் செல்லும் பாலைவழியில், எத்தியோப்பிய அரசியின் நிதியமைச்சர் எசாயாவின் ஏட்டைத் தேரில் அமர்ந்து வாசித்துக்கொண்டு சென்றதைத் திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரம் கூறுகிறது. அவர் கையில் நூல் இருந்தது. வாசிக்கும் திறன் இருந்தது. அறிய வேண்டும் என்னும் வேட்கையும் இருந்தது. ஆயினும் பொருள் விளங்கவில்லை. பிலிப்பு ஓடிச் சென்று, அவரது அழைப்பை ஏற்றுத் தேரில் ஏறி அருகே அமர்ந்த பின்னரே அந்த ஏடு அவரோடு பேசியது.

இன்று செவ்வியல் இலக்கியங்களும் மெய்யியலும் வரலாறும் இணையவழிப் பாடங்களாக நம் வீட்டுக் கூடத்திற்கே வருகின்றன. ஆசிரியர்களும், பள்ளிப் படிப்பை என்றோ முடித்துவிட்ட பெரியவர்களும் இவற்றில் சேர்ந்து பயிலலாம். ஏடு கைக்கு வந்துவிட்டது. பிலிப்பு வந்தாரா என்பதுதான் வினா. இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையைச் சிறிது சிந்திப்போம்.

கி.பி. 373-ஆம் ஆண்டளவில், பத்தொன்பது வயது இளைஞராய் இருந்த அகுஸ்தினார், சொற்கலைப் பாடத்தின் ஒரு பகுதியாகச் சிசரோவின் ‘ஓர்தென்சியுஸ்’ என்னும் நூலை வாசித்தார். இன்று அந்நூல் சிதறிய பகுதிகளாகவே எஞ்சியுள்ளது. கிறிஸ்துவை அறியாத உரோமையர் ஒருவர் எழுதிய அந்நூல், தம் மன்றாட்டையே கடவுளை நோக்கித் திருப்பியதாக அகுஸ்தினார் பின்னாளில் அறிக்கையிட்டார். ஆனால் அந்த வேட்கை கரைசேரப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. மிலான் நகரில் ஆயர் அம்புரோசியார் அவரைத் தந்தையைப் போல் வரவேற்றார். பழைய ஏற்பாட்டின் உட்பொருளைத் தம் மறையுரைகளில் விளக்கினார். 387-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார். நூல் தாகத்தைத் தந்தது. மனிதர் ஒருவர் நீர்நிலைக்கு வழிகாட்டினார்.

நம் காலத்திற்கு வருவோம். இங்கிலாந்தில் 1969-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற திறந்தவெளிப் பல்கலைக்கழகம், 1971-இல் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. நுழைவுத் தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. தொழிலாளரும் இல்லத்தரசியரும் வானொலி, தொலைக்காட்சி, அஞ்சல் ஆகியவற்றின் வழியே உயர்கல்வி கற்றனர். அதை வடிவமைத்தவர்கள் கருவிகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. மாணவர் எழுதி அனுப்பியதைத் திருத்தி ஊக்கமூட்டப் பயிற்றுநர்களை அமர்த்தினர். கோடைக்காலத்தில் மாணவர்களை ஒன்றுகூட்டி நேரிலும் கற்பித்தனர்.

1995-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நடந்தது இன்னும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. வறுமையைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்த எர்ல் ஷோரிஸ் என்னும் எழுத்தாளர், சிறையிலிருந்த ஒரு பெண்ணிடம், மக்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று கேட்டார். பணத்தையோ வேலைவாய்ப்பையோ அவர் முதலில் சொல்லவில்லை. நாடகம், அருங்காட்சியகம், இன்னிசை, சொற்பொழிவு ஆகியவற்றால் வளரும் அறவாழ்வு ஏழைப் பிள்ளைகளுக்கு எட்டாதிருப்பதைச் சுட்டினார். அச்சொல் ஷோரிஸின் உள்ளத்தில் தைத்தது. நகரின் ஏழ்மை மிகுந்த கீழ்க்கிழக்குப் பகுதியில், ராபர்ட்டோ கிளெமென்ட் பெயர் தாங்கிய குடும்ப நல மையத்தில், ஏறத்தாழ முப்பது பேருக்கு அவர் மாலை வகுப்புத் தொடங்கினார். அறவியல், இலக்கியம், கலை வரலாறு, அமெரிக்க வரலாறு, அளவையியல் ஆகியவை பாடங்கள். கற்க வருவோருக்குப் பயணச் செலவு தரப்பட்டது. அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. ஏறத்தாழப் பாதிப்பேர் இறுதிவரை பயின்றனர். பணியிடத்தில் ஒருவர்மீது கட்டுக்கடங்காச் சினம் மூண்டபோது, சோக்ரட்டீஸ் இந்நிலையில் என்ன செய்திருப்பார் என்று தன்னையே கேட்டு அடங்கியதாக, மாணவர் ஒருவர் ஷோரிஸிடம் தொலைபேசியில் கூறினாராம். ஆயிரம் அறிவுரைகள் செய்யாததை ஒரு வினா செய்தது.

இம்முயற்சி 2003-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரை எட்டியபோது, அதை ஏற்று நடத்தியது ஆஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். இடமளித்தது வின்சென்ட் தே பவுல் சபை. வீடற்றோர்க்குக் கஞ்சியும் போர்வையும் தந்த அதே கைகள் இலக்கியத்தையும் நீட்டின. ஒவ்வொரு மாணவருக்கும் துணையாகத் தன்னார்வலர் ஒருவர் வாரந்தோறும் உடனமர்ந்தார். பிலிப்பு தேரில் ஏறினார் என்றே சொல்ல வேண்டும்.

2013-ஆம் ஆண்டு ஹார்வர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரகரி நாஜ், தாம் பல்லாண்டுகள் நடத்திவந்த பண்டைக் கிரேக்க வீரர் பற்றிய பாடத்தை இணையத்தில் எல்லார்க்கும் திறந்துவிட்டார். உலகெங்கிலுமிருந்து பல்லாயிரவர் சேர்ந்தனர். அத்தனை பேரையும் ஒருவர் கவனிக்க இயலாது என்பதை உணர்ந்து, தம் முன்னாள் மாணவர்களைத் துணை நிற்க அழைத்தார் அவர். கட்டணமில்லா இணையப் பாடங்களில் சேர்வோருள் மிகப் பெரும்பாலோர் பாடத்தை முடிப்பதில்லை என்பதே பொதுவான பட்டறிவு. நூலும் உரையும் குறைவின்றிக் கிடைத்தும் பயணம் பாதியில் நிற்கிறது. ஏனெனில் பலர் தனியே பயணம் செய்கின்றனர்.

தமிழருக்கும் இவ்வாசல் திறந்தே இருக்கிறது. 2001-ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாகத் திகழ்கிறது. சங்க இலக்கியமும் காப்பியங்களும் அவற்றின் உரைகளும் அங்கே வேண்டுவோர்க்குக் கிடைக்கின்றன. கடல் கடந்து வாழும் தமிழரையும் மனத்திற்கொண்டு எழுந்த அமைப்பு அது. ஆயினும் நம் பங்குகளில் எத்தனை பேர் அவ்வாசலைத் தாண்டியிருக்கிறோம்?

இங்கே என் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பங்கு மன்றத்தில் தையல் வகுப்பும் தட்டச்சு வகுப்பும் கணினி வகுப்பும் நடத்த நான் தயங்கியதில்லை. அவை நல்லவை, சோறு தருபவை. ஆனால் குறளையோ சிலம்பையோ கூடியிருந்து வாசிப்பது, வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஏழைக்குக் கைத்தொழில் போதும் என்று தீர்ப்பிடும்போது, அவனுக்கும் சிந்திக்கும் ஆன்மா உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். மனிதன் அப்பத்தினால் மட்டும் வாழ்வதில்லை என்பதைப் பீடத்தில் நின்று போதித்த நானே, அதை மன்றத்தில் மறந்திருந்தேன்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு கணினி, ஒரு சுவர், வாரத்தில் ஒரு மாலை போதும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் படிப்பை இடையில் விட்ட தாய்மார் சிலரும் ஒன்றாய் அமர்ந்து ஒரு பாடத்தைக் கேட்கட்டும். கேட்ட பின் ஒருவரையொருவர் வினவட்டும். கற்றவர் கல்லாதவருக்கும், வாழ்ந்து அறிந்தவர் கற்றவருக்கும் விளக்கட்டும். தன் துயரை ஒரு பழம்பாடலில் காணும் தாய், பேராசிரியருக்கும் புலப்படாத பொருளை அங்கே காட்டக்கூடும்.

பாலைவழியில் இன்றும் தேர்கள் சென்றுகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒருவர் ஏட்டை விரித்துத் தனியே அமர்ந்திருக்கிறார். அன்று தூய ஆவியார் பிலிப்பிடம் கேட்டது பெரும் புலமையை அன்று. அந்தத் தேரை நெருங்கிச் செல்வதை மட்டுமே.