வேதச் சொல்லும் அதன் பொருளும்

வேத வசனத்தின் சொல்லை உள்ளவாறே கொள்வதா, அன்றி அதற்கு உட்பொருள் காண்பதா என்னும் வினா, வேதம் வழங்கப்பெற்ற சமுதாயத்தார் அனைவரிடையேயும் எழுந்ததாகும். மத்ரஸாக்களில் ஓதியோர் இதனை ‘ளாஹிர்’, ‘தஃவீல்’ என்னும் சொற்களால் அறிவர். பைபிளின் பழைய ஏற்பாட்டைப் பற்றி இவ்வினா அப்பாஸியர் ஆண்ட இராக்கில், அதுவும் அரபு மொழியிலேயே ஆராயப்பட்டது என்பதை நம்மில் பலர் அறியார். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

எகிப்தின் ஃபய்யூம் பகுதியில் 882ஆம் ஆண்டு பிறந்த யூத அறிஞர் ஸஅதியா. அரபியில் ஸயீத் அல்ஃபய்யூமீ எனப்பட்டார். இப்னு நதீம் தம் ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் இவரைக் குறிப்பிடுகிறார். 928இல் இராக்கின் ஸூரா கல்விக்கழகத் தலைமையை ஏற்ற இவர், தவ்ராத்தை அரபியில் பெயர்த்தவர். அக்காலத்து யூதர் அரபு மொழியைப் பெரும்பாலும் ஹீப்ரு எழுத்தில் எழுதினர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி ‘அரபுத் தமிழ்’ வளர்த்ததை இஃது நினைவூட்டும்.

அந்நாளில் யூதர் இரு பிரிவினராய் நின்றனர். வழிவழி வந்த வாய்மொழி மரபையும் வேதத்தோடு சேர்த்துக் கொண்டோர் ரப்பானிகள். அம்மரபின் அதிகாரத்தை மறுத்து, எழுதப்பட்ட வேதத்தையே ஆதாரமாகக் கொண்டோர் கராயிகள். இப்பிணக்கு ஏட்டளவில் நிற்கவில்லை. வீட்டு விளக்கு வரை வந்தது. ஸப்த் நாளில் இல்லங்களில் நெருப்பு மூட்டலாகாது எனத் தவ்ராத் விலக்குகிறது. முன்னரே ஏற்றிய விளக்கு எரியலாம் என்றனர் ரப்பானிகள். எரியும் நெருப்பே கூடாது என்றனர் கராயிகள். வெள்ளிக்கிழமை இரவில் ஓர் இல்லம் ஒளியோடிருக்க, அடுத்த இல்லம் இருளில் கிடந்தது. ‘மூட்டுதல்’ என்பது எதுவரை செல்லும் என்பதை எழுத்தைப் பற்றியோரும் ஆய்ந்தே முடிவு செய்ய வேண்டியதாயிற்று என்பதை நாம் கருத வேண்டும்.

கண்ணுக்குக் கண் என்னும் சட்டமும் அவ்வாறே விவாதத்திற்குள்ளாயிற்று. இப்னு ஸூத்தா என்னும் கராயியுடன் ஸஅதியா இதுபற்றி வாதிட்டதைப் பிற்கால உரையாசிரியர் இப்னு எஸ்ரா பதிந்துள்ளார். ஒருவன் அடித்ததால் மற்றவன் பார்வையில் மூன்றிலொரு பங்கு போயிற்று எனின், கூடாமலும் குறையாமலும் அதே அளவு ஊறு செய்வது எங்ஙனம் என்று கேட்டார் ஸஅதியா. ஆகவே இழப்பீடே பொருள் என்பது அவர் துணிபு. சமநிலை காக்க இயலாத காயங்களுக்குக் கிஸாஸ் இல்லை, ஈட்டுத்தொகையே உண்டு என நம் ஃபிக்ஹு நூல்கள் வகுத்திருப்பதை அறிந்தோர்க்கு இவ்வாதம் புதிதாகத் தோன்றாது.

அவ்வாறாயின் யாரும் எவ்வசனத்திற்கும் விரும்பிய பொருள் கூறலாமோ? இதற்கு விடையாக, 933இல் (ஹிஜ்ரி 321) அரபியில் இயற்றிய ‘கிதாபுல் அமானாத் வல் இஃதிகாதாத்’ என்னும் நூலில் ஸஅதியா வரம்பு கட்டினார். வெளிப்படைப் பொருளே மூலம்; நான்கு காரணங்களால் மட்டுமே அதனை விட்டு விலகலாம் என்றார்.

முதலாவது, ஐம்புலன் அறிவு மறுப்பது. ஹவ்வா (அலை) உயிர்கள் அனைத்திற்கும் தாய் என வருமிடத்தில், எருதும் சிங்கமும் அவர்தம் மக்களல்லர் என்பது கண்கூடு. எனவே மாந்தரையே அது குறிக்கும். இரண்டாவது, பகுத்தறிவு மறுப்பது. இறைவனை நெருப்பெனக் கூறுமிடத்தில், நெருப்போ படைக்கப்பட்டது, அணைந்து போவது. ஆதலின் அது உவமையே. மூன்றாவது, மற்றொரு வசனம் மறுப்பது. இறைவனைச் சோதிக்கலாகாது என ஓரிடத்தும், சோதித்துப் பாருங்கள் என வேறோரிடத்தும் வரின், இரண்டையும் இணக்கியே பொருள் காண வேண்டும். நான்காவது, நம்பகமான மரபு மறுப்பது. கசையடி நாற்பது என எழுத்து கூற, முப்பத்தொன்பதே என மரபு விளக்கிற்று.

இவ்வரம்பின் அருமை மறுமை பற்றிய பகுதியில் புலனாகும். இறந்தோர் எழுப்பப்படுதலை வெறும் உருவகமாக்க முயன்றோரை ஸஅதியா கடுமையாக மறுத்தார். மேற்கண்ட நான்கில் ஒன்றும் அதனை மறுக்கவில்லையே என்றார். காரணமின்றி உருவகம் காணத் தொடங்கினால், ஸப்தில் நெருப்பு மூட்டாதே என்பதைப் போருக்குப் படை திரட்டாதே என மாற்றிவிடலாம். கட்டளை ஒன்றும் எஞ்சாது என எச்சரித்தார். விளக்கின் பொருட்டு எழுத்துவாதிகளோடு மாறுபட்ட அவரே, மறுமையின் பொருட்டு எழுத்தைக் காத்து நின்றார்.

திருக்குர்ஆன் தன் வசனங்களை முஹ்கமாத் என்றும் முதஷாபிஹாத் என்றும் பகுத்துக் காட்டுவதை நாம் அறிவோம். நம் இமாம்களும் தஃவீலுக்கு நிபந்தனைகள் வகுத்தனர். சொல்லை மட்டும் பற்றினால் இறைவனை நெருப்பென நினைக்கும் பேதைமை நேரும். சொல்லை விட்டொழித்தால் நம் விருப்பமே வேதமாகிவிடும். பொருள் கூற முற்படுவோனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வெளிப்படைப் பொருளை விட்டு விலக நும்மைக் கட்டாயப்படுத்திய காரணம் யாது? விடை தர இயலாதவனுடைய விளக்கம் எத்துணை இனிமையாயினும் ஏற்கத்தக்கதன்று.